ஏட்டில் எழுதாத இசை: செக்வென்ஷியா குழு இடைக்காலத்தைப் பாடும் விதம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பதினோராம் நூற்றாண்டு லத்தீன் சுவடி ஒன்று இருக்கிறது. கான்டர்பரியின் புனித அகஸ்டின் மடத்தில் எழுதப்பட்டது. 'கேம்பிரிட்ஜ் பாடல்கள்' என்று அறிஞர்கள் கொண்டாடும் தொகுப்பு இதற்குள்தான் அடங்கியிருக்கிறது. 1840-களில் இதைப் படிக்க வந்த ஜெர்மன் அறிஞர் ஒருவர், யாருக்கும் தெரியாமல் ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த ஏடு கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1982-இல் அங்கே சென்ற மார்கரெட் கிப்சன் என்ற வரலாற்றறிஞரின் கண்ணில் அது படும்வரை, கேம்பிரிட்ஜ் சுவடியில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

ஏட்டில் இருந்தவை போயத்தியஸ் எழுதிய கவிதைகள். ரோமானிய அரசியலில் உச்சத்தில் இருந்து, ஆஸ்ட்ரோகோத் மன்னன் தியோடரிக்கின் கோபத்துக்கு ஆளாகி, 520-களில் சிறையில் கொல்லப்பட்டவர் அவர். சிறையில் இருந்தபோது உரைநடையும் செய்யுளும் மாறி மாறி வரும்படி அவர் எழுதிய நூலில் 39 கவிதைகள் உண்டு. ஐரோப்பிய மடங்களின் பள்ளிகளில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்த நூல் அது. மீட்கப்பட்ட ஏட்டில் அந்தக் கவிதைகளின் வரிகளுக்கு மேலே சிறு சிறு கோடுகளும் புள்ளிகளும் கொக்கிகளும் இருந்தன. அவைதான் இசைக்குறிகள். நியூம்கள் என்று பெயர்.

2016 ஏப்ரல் 23 அன்று கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரி ஆலயத்தில் மூன்று பேர் அந்தப் பாடல்களைப் பாடியும் இசைத்தும் காட்டினார்கள். அமெரிக்கரான பெஞ்சமின் பாக்பி, சுவிட்சர்லாந்தின் ஹன்னா மார்ட்டி, ஜெர்மனியின் நார்பர்ட் ரோடன்கிர்ஷன். மூவரும் ஐரோப்பாவின் இடைக்கால இசையைப் பாடும் செக்வென்ஷியா என்ற குழுவினர். ஏடு கிடைத்ததற்கும் பாட்டு ஒலித்ததற்கும் நடுவே 34 ஆண்டுகள் ஓடியிருந்தன. கையில் குறிகள் இருந்தும் ஏன் இவ்வளவு காலம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இடைக்கால இசை என்ற பெயரில் இன்று மேடையில் கேட்பது எத்தகையது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த நியூம்கள் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஓர் அசையில் எத்தனை சுரம் வருகிறது என்பதைச் சொல்லும். எந்தச் சுரத்தில் தொடங்குவது, எவ்வளவு தூரம் ஏறுவது என்பதைச் சொல்லாது. சுரத்தானத்தைக் கோடுகளின் மேல் துல்லியமாக எழுதும் முறை அரெட்ஸோ ஊரின் குய்தோ என்ற துறவியால் 1030-ஐ ஒட்டித்தான் உருவாகிப் பரவியது. கேம்பிரிட்ஜ் ஏட்டின் குறிகளில் கோடு கிடையாது. எழுதியவர் கவனக்குறைவானவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. பாட்டு அவர் நெஞ்சில் இருந்தது. குருவிடமிருந்து காதால் வாங்கிய பாடாந்தரம் அது. எந்த வளைவு எந்த அசையில் விழவேண்டும் என்று மறந்துபோகாமல் இருக்கத்தான் குறி. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர், ஒலிகளை எழுதிவைக்க வழியில்லை, மனிதர் நினைவில் வைக்காவிட்டால் அவை அழிந்துபோகும் என்று எழுதினார். குறிகள் வந்தபிறகும் நெடுங்காலம் அந்த நிலை மாறவில்லை.

அதனால் இந்த இசையைப் பாட விரும்புகிறவர் சுவடியைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. சுவடி எழுதியவரின் நெஞ்சில் என்ன இருந்ததோ அதையும் தனக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும். இப்படி நினைவைக் கட்டி எழுப்புவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டதுதான் செக்வென்ஷியாவின் சாதனை என்று நான் கருதுகிறேன். மேடையில் தெரியும் அழகான கருவிகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

குழுவைத் தொடங்கியவர்கள் பாக்பியும் பார்பரா தோர்ன்டனும். இருவரும் 1950-இல் பிறந்த அமெரிக்கர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 1933 முதல் பழைய இசைக்கென்றே இயங்கிவரும் ஸ்கோலா கான்டோரும் பாசிலியென்சிஸ் என்ற பள்ளியில் படித்தார்கள். 1977-இல் குழுவைத் தொடங்கி, ஜெர்மனியின் கொலோன் நகரைத் தளமாக்கிக் கொண்டார்கள். நிலையான பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளாமல், எந்தச் சுவடியை எடுக்கிறார்களோ அதற்கேற்ற குரல்களையும் கருவியாளர்களையும் பல நாடுகளிலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நிகழ்ச்சியில் பெண் குரல்கள் மட்டும். இன்னொன்றில் ஆண்கள் மட்டும். வேறொன்றில் பாக்பி ஒருவரே. சார்லமேன் பேரரசர் ரோமாபுரி வழிபாட்டு இசையைத் தன் ஆட்சிப்பகுதி முழுக்கத் திணித்தபோது ஊருக்கு ஊர் எழுந்த மோதலைப் பாட எடுத்தபோது, கதரீனா லிவ்லியானிச்சின் டயலோகோஸ் குழுவுடன் கைகோத்தார்கள்.

போயத்தியஸ் பாடல்களுக்கு வருவோம். குறிகளின் உள்கணக்கை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜின் இசை வரலாற்றறிஞர் சாம் பாரெட். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதிலேயே இருந்தார். அவர் எடுத்துக்கொண்ட வழி இது. அந்தக் காலத்தில் பாடல்கள் வெறும் கற்பனையிலிருந்து பிறக்கவில்லை. குறிப்பிட்ட யாப்புக்கு, குறிப்பிட்ட வகைப் பாட்டுக்கு என்று வழக்கமான மெட்டுச் சட்டங்கள் இருந்தன. ஏட்டில் தெரியும் ஏற்ற இறக்கம் எந்தச் சட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்த்தால் சாத்தியங்கள் குறையும். சுரம் தெளிவாக எழுதப்பட்ட பிற்காலப் பாடல்களோடு ஒப்பிட்டால் இன்னும் குறையும். அப்படியும் சில இடங்களில் இரண்டு மூன்று வழி மிஞ்சும். அங்கேதான் பாடகர்கள் தேவைப்பட்டார்கள்.

நூலின் முதல் கவிதையை எடுத்துக்கொள்ளலாம். "கார்மினா குயி குவோண்டாம்" என்று தொடங்கும். ஒரு காலத்தில் ஊக்கத்தோடு பாட்டெழுதியவன், இப்போது கண்ணீரோடு சோகப் பாட்டைத் தொடங்க வேண்டியதாகிவிட்டதே என்று கைதி புலம்பும் இடம். நீண்ட அடி ஒன்று, அதைவிடக் குறுகிய அடி ஒன்று என்று இரண்டிரண்டாகப் போகும் இரங்கற்பா யாப்பு. தாளில் இரண்டு தீர்வுகள் சமமாகத் தோன்றலாம். ஹார்ப் என்ற யாழ்வகைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பாடிப் பார்க்கும்போது ஒன்றில் விரல் தானாக அடுத்த தந்திக்குப் போகும், இன்னொன்றில் தடுமாறும். ஒன்றில் அடி முடியும் இடத்தில் மூச்சு இயல்பாக நிற்கும். மற்றதில் சொல்லின் நடுவே அறுபடும். பாக்பியும் குழுவினரும் பாரெட்டுடன் உட்கார்ந்து சோதித்தது இதைத்தான். நாற்பது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான இடைக்காலப் பாடல்களை மனப்பாடமாகப் பாடிவந்த ஒருவருக்கு, இந்த மெட்டு இப்படிப் போகாது என்று சொல்லும் கேள்விஞானம் வந்துவிடுகிறது. ஆய்வாளர் தனியாக இருந்தால் அது கிட்டாது. பாடகர் தனியாக இருந்தால் அந்தக் கேள்விஞானம் தன் விருப்பத்தின்பக்கம் சாய்ந்துவிடும். இருவரும் ஒருவரை ஒருவர் திருத்தியதுதான் இந்த முயற்சியை நம்பத்தக்கதாக்குகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த மெட்டுகள் போயத்தியஸ் சிறையில் பாடியவை அல்ல. அவர் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்து மடத்து மாணவர்களும் ஆசிரியர்களும் அவர் கவிதைக்குப் போட்டுக்கொண்ட மெட்டுகள். செய்தித்தாள்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாடல்கள் உயிர்த்தெழுந்தன என்று எழுதின. அந்தப் பரவசம் புரிகிறது. ஆனால் சுவடி காட்டும் பகுதி இவ்வளவு, ஒப்பீட்டால் தேறியது இவ்வளவு, பாடகர் முடிவு செய்தது இவ்வளவு என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் கேட்கும்போதுதான் அந்த உழைப்பின் அளவு தெரிகிறது.

கருவிகளின் கதை இன்னும் சிக்கலானது. இடைக்காலக் கருவிகளில் இன்று மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. மரம் மக்கிவிடும், நரம்பு அறுந்துவிடும், பழையதை உடைத்துப் புதியது செய்துவிடுவார்கள். அதனால் கருவி செய்பவர்கள் பெரும்பாலும் சிற்பத்தையும் ஓவியத்தையும் பார்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலய வாயிலில் சிற்பி மத்தேயோ 24 முதியவர்களைக் கருவிகளோடு செதுக்கியிருக்கிறார். நிலைவாசல் கல்லில் 1188 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. அங்கே நடுவில் இருவர் ஒரே கருவியை மடியில் தாங்கியிருப்பார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, சக்கரம் தந்திகளை உரசும். மற்றவர் சுரங்களை மாற்றுவார். ஓர்கனிஸ்ட்ரம் என்பது அதன் பெயர். கல்லில் வடிவம் தெரியும், உள்ளே மரம் எவ்வளவு தடிமன், தந்தி எதனால் ஆனது, எப்படிச் சுருதி கூட்டினார்கள் என்பது தெரியாது.

அரிதாகச் சில சமயம் மண் கைகொடுக்கும். ஜெர்மனியின் தென்பகுதியில் டிராஸிங்கன் என்ற ஊரில் 2001-02 குளிர்காலத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஈரக் களிமண்ணில் மரம் மக்காமல் இருந்தது. உள்ளே ஒரு போர்வீரனும், அவன் அருகே ஆறு தந்தி லயர் ஒன்றும். லயர் என்பது சட்டம் போட்ட சிறிய யாழ்வகை. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கல்லறை கி.பி. 580-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஏறத்தாழ 80 செ.மீ. நீளம், மேப்பிள் மரம், முகப்பில் வீரர்கள் அணிவகுத்து நிற்கும் செதுக்கு வேலை, வாசித்து வாசித்துத் தேய்ந்த தடம். அலங்காரப் பொருளாகப் புதைக்காமல், அவன் வாசித்த கருவியையே அவனோடு அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு முன்பே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கத்து வட்டாரமான ஓபர்ஃபிளாக்ட்டில் இதே வகைக் கருவிகள் கிடைத்திருந்தன. பாக்பி வாசிக்கும் லயர் அந்த ஏழாம் நூற்றாண்டு ஓபர்ஃபிளாக்ட் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்டது.

அந்தக் கருவியோடு அவர் தனியாக மேடையேறி, பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃப்பை மூல மொழியிலேயே நிகழ்த்துகிறார். 3,182 அடிகள் கொண்ட காவியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிரெண்டல் என்ற அரக்கன் வரும் பகுதி. கையில் ஏடு கிடையாது. இந்தக் காவியத்துக்கு ஒரே ஒரு நியூம்கூட எழுதப்படவில்லை. அதனால் இதன் இசை முழுக்க முழுக்க ஊகம்தான், பாக்பியும் அதை மறைப்பதில்லை. ஆனால் ஊகத்திலும் ஒழுங்கு உண்டு. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஹுக்பால்ட் என்ற துறவி ஆறு தந்திக் கருவியின் சுருதியை எழுதிவைத்திருக்கிறார். நம் கணக்கில் ச, ரி, க, ம, ப, த. சங்கராபரணத்தின் சுரத்தானங்கள், நிஷாதம் இல்லாமல். இத்தகைய சான்றுகளிலிருந்து தொடங்கிப் பாக்பி தன் ஆறு தந்திகளை நடுவே சில சுரங்கள் விட்டுப்போகும்படி ஓர் எட்டாம் சுரம்வரை விரித்துச் சுருதி சேர்த்தார். ஆறே சுரம். பாட்டு, பேச்சு, உறுமல், கிசுகிசுப்பு எல்லாம் அந்த ஆறுக்குள் நடக்கவேண்டும். ஒவ்வோர் அடியிலும் மோனை எங்கே விழுகிறதோ அங்கே தந்தி ஒலிக்கும், கதை சூடுபிடிக்கும் இடத்தில் தந்தி நின்றுவிடும். இவ்வளவு குறுகிய எல்லையை அவர் தனக்கு வைத்துக்கொண்டதுதான் அந்த நிகழ்ச்சியின் பலம். தோன்றியபடி நிரவிப் பாடியிருந்தால் அது நவீன நாடக இசையாகிப் போயிருக்கும்.

ஐஸ்லாந்தின் பழங்கதைக் கவிதைகளான 'எட்டா' பாடல்களுக்கும் இதே நிலை. 1270-ஐ ஒட்டி எழுதப்பட்ட சுவடியில் கவிதை உண்டு, இசை இல்லை. அங்கே ரீமுர் என்ற கதைப்பாட்டு மரபு இருபதாம் நூற்றாண்டு வரை கிராமங்களில் நீடித்தது. ரெய்க்யாவிக்கில் சேமித்து வைத்திருக்கும் பழைய ஒலிப்பதிவுகளைப் பாக்பி கேட்டு, மெட்டுகளை அப்படியே எடுக்காமல், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சுரப்பிடிகளை மட்டும் உள்வாங்கிக்கொண்டு எட்டாவுக்குப் பயன்படுத்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இசை என்று அதற்கு முத்திரை குத்த முடியாது. வேறு நல்ல வழியும் இல்லை.

செக்வென்ஷியா உலகப் புகழ் பெற்றது இவற்றால் அல்ல, ஹில்டகார்டால். பிங்கன் நகருக்கு அருகே ரூபர்ட்ஸ்பெர்க்கில் கன்னியர் மடம் அமைத்து நடத்திய ஹில்டகார்ட் (1098–1179) எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களும் ஓர் இசை நாடகமும் இயற்றினார். இரண்டு முக்கியச் சுவடிகள் உண்டு. ஒன்று பெல்ஜியத்தின் டென்டர்மொண்டே நகரின் பெயரால் அழைக்கப்படுவது. மற்றது ஜெர்மனியின் வீஸ்பாடனில் இருக்கும், 15 கிலோ எடையுள்ள பெரிய ஏட்டுத்தொகுதி. இரண்டிலும் கோடுகளின் மேல் சுரம் தெளிவாக இருக்கிறது. எனவே போயத்தியஸ் ஏட்டின் பிரச்சினை இங்கே இல்லை. வேறு பிரச்சினை இருக்கிறது: தாளம் எழுதப்படவில்லை.

எந்தச் சுரத்தை நீட்டுவது, எதைக் குறுக்குவது என்பதற்குக் குறி இல்லாததால், எல்லாச் சுரங்களையும் ஒரே அளவாக்கிப் பாடுவோர் உண்டு; தாளத்துக்குள் அடைப்போரும் உண்டு. தோர்ன்டன் சொல்லிலிருந்து தொடங்கினார். லத்தீன் தொடர் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே இசையும் வாங்கும். ஒரு சொல்லின் மேல் சுரங்கள் கொத்தாகக் குவிந்தால் அந்தச் சொல்லைத்தான் ஹில்டகார்ட் அழுத்துகிறார் என்று தோர்ன்டன் கொள்வார். நம் மேடையில் விருத்தம் பாடுகிறவர் செய்வதற்குப் பக்கத்தில் வரும் முறை இது. ஹில்டகார்டின் மெட்டுகள் அக்காலத்து வழிபாட்டுப் பாடல்களைவிட மிக உயரமாகத் தாவுபவை. தொடக்கத்திலேயே கீழ்ச் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரத்துக்குப் பாய்ந்து, உடனே எட்டாம் சுரத்தைத் தொட்டுவிடும் பாடல்கள் அவரிடம் பல. தாளத்தில் அடைத்தால் அந்தப் பாய்ச்சல் சிறுத்துப்போகிறது என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

இசைக்காக ஹில்டகார்ட் என்ன விலை கொடுக்கத் துணிந்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1178-இல், ஒருகாலத்தில் சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த பிரபு ஒருவரின் உடலைத் தன் மடத்தில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார். தோண்டி எடுக்கச் சொல்லி மைன்ஸ் சபையதிகாரிகள் ஆணையிட்டார்கள். அந்தப் பிரபு சாகும் முன் சபையோடு ஒப்புரவாகிவிட்டார் என்று சொல்லி ஹில்டகார்ட் மறுத்தார். தண்டனையாக மடத்தில் பாட்டு தடை செய்யப்பட்டது. வழிபாட்டை வாயால் முணுமுணுக்கத்தான் அனுமதி. எண்பது வயதில் அவர் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில், நியாயமின்றி இறைபுகழை நிறுத்துகிறவர்களுக்கு விண்ணில் தேவதூதர்களின் பாட்டில் இடமிருக்காது என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு தடை நீங்கியது. சில மாதங்களில் அவரும் மறைந்தார். அவருடைய இசை நாடகத்தில் நற்குணங்கள் எல்லாம் பாடும், சாத்தான் மட்டும் பாடமாட்டான். அவனுக்குக் கத்தத்தான் வரும். அந்தக் கடிதத்தைப் படித்தபின் அந்த நாடகத்தைக் கேட்டால் இது வெறும் நாடக உத்தியாகத் தோன்றாது.

1982-இல் அந்த நாடகத்தில் தொடங்கிய செக்வென்ஷியாவின் ஹில்டகார்ட் பதிவுகளில் 1994-இல் வெளிவந்த தொகுப்பு எதிர்பாராத அளவு விற்பனையானது. ஸ்பானிய துறவிகளின் வழிபாட்டு இசைத்தட்டு பாப் இசைப் பட்டியலில் ஏறிய ஆண்டும் அதுதான். ஹில்டகார்டின் 900-ஆவது பிறந்த ஆண்டான 1998-இல் தோர்ன்டன் புற்றுநோயால் இறந்தார். மிஞ்சிய பாடல்களைப் பாக்பி பெண்குரல்களைக் கொண்டு முடித்து 2013-இல் வெளியிட்டார்.

இந்தப் பதிவுகளைப் பற்றி நியாயமான ஒரு விமர்சனம் உண்டு. வில்லால் இசைக்கும் ஃபிடலும் ஹார்ப்பும் ஓர்கனிஸ்ட்ரமும் சில பாடல்களில் வருகின்றன. ஹில்டகார்டின் சுவடிகளில் கருவிக்கு எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. கருவி சேர்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960-இல் மியூனிக்கில் அமெரிக்கரான தாமஸ் பிங்க்லி தொடங்கிய ஸ்டூடியோ டெர் ஃப்ரூயன் மூசிக் என்ற குழுவில் எஸ்டோனியாவில் பிறந்த பாடகி ஆண்ட்ரியா ஃபான் ராம் இருந்தார், ஆங்கிலேயப் பாடகர் இருந்தார். அவர்கள் மொராக்கோவின் ஆண்டலூசிய மரபைக் கேட்டு, பாட்டுக்கு முன்னும் நடுவிலும் கருவி இசை சேர்த்தார்கள். கேட்டவர்கள் மயங்கினார்கள். பிங்க்லி பின்னர் பாசலில் கற்பித்தபோது அந்த அணுகுமுறை அடுத்த தலைமுறைக்கும் போயிற்று. 1980-களில் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் பேஜ் இலக்கியச் சான்றுகளை வரிவரியாகப் புரட்டி, உயர்ந்த நடைப் பாடல்களைக் குரல் மட்டுமே பாடியிருக்க வாய்ப்பு அதிகம், நடனப் பாட்டு போன்றவற்றுக்குத்தான் கருவி துணைநின்றது என்று வாதாடினார். அவருடைய காதிக் வாய்சஸ் குழு கருவியே இல்லாமல் பாடிக் காட்டியது. அதன்பின் இந்தத் துறை பழையபடி இல்லை.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கதைப்பாட்டுக்கும் அரசவைப் பாட்டுக்கும் லயரோ ஹார்ப்போ ஃபிடலோ தாராளமாக வரலாம். பாடகன் யாழோடு வருவதைப் பேயோவுல்ஃப்பே சொல்கிறது. கன்னியர் மடத்து வழிபாட்டுப் பாடலில் கருவி சேர்த்தால் அது இன்றைய கலைஞரின் தேர்வு என்று இசைத்தட்டின் உறையிலேயே எழுதிவிடவேண்டும். ஹில்டகார்ட் பதிவுகளில் என்னை மீண்டும் மீண்டும் இழுப்பவை பெண்குரல்கள் தனித்து நிற்கும் பாடல்களே.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு 2018-இல் கிளாஸா நிறுவனம் வெளியிட்ட போயத்தியஸ் பதிவை முதலில் சொல்வேன். மொழிபெயர்ப்பை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு பாட்டை இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை பொருளுக்காக. இரண்டாம் முறை, பாட்டு தொடங்குமுன் குழல் என்ன வாசிக்கிறது, பாடும் குரலோடு ஹார்ப் எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று கவனியுங்கள். குரல் போகும் பாதைக்கு ஏட்டில் சான்று இருக்கிறது. குழலும் ஹார்ப்பும் போகும் பாதையை அந்த மூவரும் தங்கள் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.